வலி தணிக்கும் வெள்ளணுக்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

வலி என்று ஒன்று இல்லாதிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நாளாவது எண்ணாதவர் இருக்க முடியாது. ஆனால் வலியை உணரும் ஆற்றல் இல்லாமலே பிறக்கும் மனிதர்களும் உலகில் மிகச் சிலர் உண்டு. அவர்களுடைய வாழ்வு இன்பமயமானதன்று. நாக்கைக் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வதும், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்துக் கை வெந்துபோவதும், எலும்பு முறிந்தது தெரியாமல் நடப்பதும் அவர்களுக்கு நேரும் துன்பங்கள். ஆகவே வலி என்பது உடலின் காவல் நாய் எனலாம். திருடன் வந்தால் குரைக்க வேண்டியது அதன் கடமை.

ஆனால் திருடன் போன பிறகும் விடிய விடியக் குரைத்துக் கொண்டே இருக்கும் நாயை என்ன செய்வது? காயம் ஆறிய பிறகும், காய்ச்சல் விட்ட பிறகும் தொடரும் வலி அத்தகையதே. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவர்கள் குறிப்பிடுவர்.

நான் கொல்லிமலையைச் சேர்ந்தவன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயரமுள்ள மலை அது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே வருகிறது. அந்தப் பாதை வருமுன் எங்கள் பெரியோர்கள் தலைச்சுமையுடன் கால்நடையாகவே ஏறி இறங்கினர். இன்றும் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்துவதும், சரிவு நிலத்தில் சாமைக்குக் களை எடுப்பதும் முழங்காலும் இடுப்பும் செய்யும் வேலைகளே. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, நோவு என்று வலிக்கு எங்கள் வீடுகளில் எத்தனை பெயர்கள்! ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. இத்தனை பெயர்களுள்ள ஒரு பொருளைப் பற்றி நம் பாடநூலில் சில வரிகளே இருப்பதைக் கண்டு, நூலகத்திலும் பேராசிரியர்களிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன். வலியை உண்டாக்கும் வெள்ளணுக்களே வலியைத் தணிக்கவும் செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

அழற்சி என்பது யாது?

காலில் முள் தைக்கிறது. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது; வீங்குகிறது; தொட்டால் சுடுகிறது; வலிக்கிறது. இந்த நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் எழுதி வைத்தார். ஆனால் அந்த வீக்கத்தினுள் நடப்பது என்ன என்பதைக் காண மனிதன் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1882 ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் மெசினா நகரில் தங்கியிருந்த இலியா மெச்னிகாப் என்ற ரஷ்ய விலங்கியல் அறிஞர், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளம் உயிரியில் தோட்டத்து முள் ஒன்றைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் செல்கள் பல முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்க வந்த காவலர்கள் அவை! இக்கண்டுபிடிப்புக்காக 1908 ஆம் ஆண்டு பால் எர்லிக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். உயிரின் தற்காப்பைப் பற்றிய இப்பெரிய உண்மையைக் கண்டவர் ஒரு விலங்கியல் அறிஞர் என்பது விலங்கியல் மாணவர்களாகிய நமக்குப் பெருமை தருவதன்றோ!

மெச்னிகாப் கண்ட விழுங்கு செல்களின் உறவினர்களே நம் இரத்தத்திலும் திசுக்களிலும் இருக்கின்றன. திசுவிலேயே குடியிருக்கும் மாக்ரோபேஜ்கள், மாஸ்ட் செல்கள் ஆகியன முதலில் ஆபத்தை அறிகின்றன. அவை எழுப்பும் கூக்குரலைக் கேட்டு, முதல் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோபில்கள் விரைந்து வருகின்றன. அடுத்து மோனோசைட்டுகள் வந்து திசுவில் மாக்ரோபேஜ்களாக மாறுகின்றன. சில நாட்கள் கழித்து லிம்போசைட்டுகள் வந்து சேர்கின்றன. ஊரில் தீப்பிடித்தால் முதலில் அண்டை வீட்டாரும், பிறகு தெருவாரும், பின்னர் ஊராரும் கூடுவது போன்றது இது.

வெள்ளணுக்கள் வலியைத் தருவது எவ்வாறு?

கூடியவர்கள் வெறுங்கையுடன் வருவதில்லை. ஹிஸ்டமின், புராஸ்டாகிளாண்டின், இன்டர்லியூகின்–1, டி.என்.எப். போன்ற பொருள்களை வெளிவிடுகின்றன. இவை இரத்தக் குழாய்களை விரிக்கின்றன. அதனால் சிவப்பும் வெப்பமும். குழாய்களின் சுவரைக் கசியச் செய்கின்றன, அதனால் வீக்கம். இறுதியாக நரம்பு முனைகளைத் தாக்குகின்றன, அதனால் வலி.

நரம்பு முனையில் நடப்பதை மிளகாயைக் கொண்டு விளக்கலாம். மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் எந்த வாயிலின் வழியாக நரம்பைத் தூண்டுகிறது என்பதை அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997 இல் கண்டறிந்தனர். அதற்கு டி.ஆர்.பி.வி.–1 என்று பெயர். எங்கள் மலை மிளகிலுள்ள பைப்பரினும் இதே வாயிலைத் திறக்கக் கூடியதே. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பமும் இதைத் திறக்கும். அதனால்தான் காரத்தை நாம் 'எரிகிறது' என்கிறோம். இப்பணிக்காக ஜூலியஸ் 2021 இல் ஆர்டம் படபூட்டியனுடன் நோபல் பரிசு பெற்றார்.

அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் விட்ட பொருள்கள் இவ்வாயிலின் தாழ்ப்பாளைத் தளர்த்தி விடுகின்றன. 43 டிகிரியில் திறக்க வேண்டிய கதவு, உடலின் இயல்பான வெப்பத்திலேயே திறந்து கொள்கிறது. எனவே மெல்லத் தொட்டாலும் வலி. வெந்நீர் பட்டாலும் எரிச்சல். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971 இல் இங்கிலாந்தின் ஜான் வேன் காட்டினார். அவருக்கு 1982 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை படித்ததைக் கொண்டு பார்த்தால் வெள்ளணுக்களே குற்றவாளிகள் என்றுதான் தோன்றும். நெடுங்காலம் அறிவியல் அறிஞர்களும் அவ்வாறே கருதினர். கதையின் மறுபாதியை இனிக் காண்போம்.

உடலுக்குள் ஓர் அபினி

அபினியிலிருந்து எடுக்கப்படும் மார்பின் வலியைப் போக்கும் என்பது பழைய செய்தி. 1973 இல் மூளையில் மார்பினைப் பிடித்துக் கொள்ளும் ஏற்பிகள் இருப்பது உறுதியாயிற்று. ஒரு செடியின் பாலுக்கு மனித மூளையில் பூட்டு இருப்பானேன்? உடலே அதற்குரிய சாவியை உற்பத்தி செய்ய வேண்டும் என்று அறிஞர்கள் ஊகித்தனர். 1975 இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூசும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தனர். அதுவே என்கெபாலின். ஐந்தே அமினோ அமிலங்களால் ஆன சிறிய பொருள் அது. அதை அடுத்து எண்டார்பின் என்னும் மற்றொரு பொருளும் கண்டறியப்பட்டது.

இவை மூளையிலும் தண்டுவடத்திலும் மட்டுமே வேலை செய்வன என்று எல்லோரும் நம்பியிருந்தனர். 1990 ஆம் ஆண்டில் கிறிஸ்டோப் ஸ்டைன் என்னும் ஜெர்மானிய மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. ஒரு பாதத்தில் மட்டும் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் நீந்த விட்டனர். நீந்திய அதிர்ச்சிக்குப் பின் அழற்சியுள்ள பாதத்தில் வலி குறைந்தது. வலி குறைந்தது மூளையினால் அன்று. அப்பாதத்திலேயே திரண்டிருந்த வெள்ளணுக்களினால். அவ்வணுக்களுக்குள் எண்டார்பினும் என்கெபாலினும் நிறைந்திருந்தன. எலியின் நோய் எதிர்ப்பு அணுக்களை மருந்தாலோ கதிர்வீச்சாலோ ஒடுக்கியபோது இந்த வலி நிவாரணமும் மறைந்து போயிற்று.

மனிதரிலும் இதற்குச் சான்று உண்டு. முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை செய்து கொண்ட நோயாளிகளின் மூட்டுக்குள், மார்பின் ஏற்பிகளை அடைக்கும் நலக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியபோது அவர்களுக்கு வலி கூடியது. 1993 இல் இம்முடிவு வெளியாயிற்று. அதாவது அந்த மூட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று அதுவரை வலியை அடக்கிக் கொண்டிருந்தது என்பதே பொருள். சாவித் துளையை அடைத்ததும் அதன் வேலை நின்றது. மறைந்திருந்த வலி வெளிப்பட்டது.

இது நடைபெறும் முறை பின்வருமாறு: மன அழுத்தத்தின்போது சுரக்கும் சி.ஆர்.எப். என்னும் பொருளும், அழற்சியில் உண்டாகும் இன்டர்லியூகின்–1 என்னும் பொருளும் வெள்ளணுவின் மேற்பரப்பைத் தட்டுகின்றன. உடனே அது சேமித்து வைத்த எண்டார்பினை வெளிவிடுகிறது. எண்டார்பின் அருகிலுள்ள நரம்பு முனையின் ஏற்பியில் அமர்ந்து அதன் தூண்டலைத் தணிக்கிறது. இன்டர்லியூகின்–1 வலியை உண்டாக்கும் பொருள் என்று மேலே கண்டோம். வலியை எழுப்பும் அதே பொருள் வலியைத் தணிக்கும் ஆணையையும் தருகிறது! தொடக்கத்தில் நியூட்ரோபில்களும், பின்னர் மாக்ரோபேஜ்களும் லிம்போசைட்டுகளும் இப்பணியைச் செய்கின்றன.

இதில் மற்றொரு சிறப்பும் உண்டு. மார்பின் ஊசி மூளையைச் சென்று தாக்குவதால் மயக்கம், மூச்சுத் தளர்ச்சி, பழக்க அடிமைத்தனம் ஆகியவை நேரக்கூடும். வெள்ளணு தரும் எண்டார்பினோ வலிக்கும் இடத்திலேயே பிறந்து அங்கேயே சிதைந்து போகிறது. மூளை வரை செல்லாமல் வலியுள்ள இடத்தில் மட்டும் வேலை செய்யும் மருந்தைத் தேடுவோருக்கு இது நல்ல வழிகாட்டி.

தீ தானே அணைவதில்லை

அழற்சி தானாகவே ஓய்ந்து விடும் என்றே முன்பு எண்ணினர். தீ எரிந்து முடிந்தால் அணைவது போல என்று கருதினர். ஆனால் அணைப்பது ஒரு தனிப் பணி என்பது இப்போது தெளிவாகியுள்ளது. வேலை முடிந்த நியூட்ரோபில்கள் இறக்கின்றன. அவற்றை மாக்ரோபேஜ்கள் விழுங்குகின்றன. விழுங்கிய மாக்ரோபேஜ் தன் குணத்தையே மாற்றிக் கொள்கிறது. போர் வீரனாக இருந்தது, கொத்தனாராக மாறித் திசுவைச் சீர்படுத்துகிறது. இன்டர்லியூகின்–10 போன்ற அமைதிப் பொருள்களை வெளிவிடுகிறது. மீன் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல் தயாரிக்கும் ரிசால்வின்கள் என்னும் பொருள்களும் இவ்வேளையில் உதவுகின்றன. அமெரிக்காவின் சார்லஸ் செர்ஹான் இவற்றைக் கண்டறிந்தவர்.

2022 ஆம் ஆண்டில் இத்துறையில் இரண்டு வியப்பான செய்திகள் வந்தன. ஒன்று, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலிருந்து. அழற்சி வலியுள்ள சுண்டெலிகளில், மாக்ரோபேஜ்கள் தண்டுவடத்தின் அருகிலுள்ள உணர்ச்சி நரம்புச் செல்களை அடைந்து, தம் மைட்டோகாண்டிரியாக்களையே அவற்றுக்குக் கொடுத்தன. களைத்துப்போன நரம்புச் செல் அந்த ஆற்றலைப் பெற்று இயல்பு நிலைக்குத் திரும்பியது, வலி தீர்ந்தது. மாக்ரோபேஜ்களை நீக்கிய சுண்டெலிகளில் வலி தீரவில்லை. செல்லின் ஆற்றல் நிலையம் என்று நாம் முதலாண்டில் படித்த மைட்டோகாண்டிரியா, ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்குக் கொடையாகச் செல்கிறது என்றால் வியப்பன்றோ! வல்வில் ஓரியின் கொடைத்திறத்தைப் போற்றும் மலையில் பிறந்த எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்துப் போயிற்று.

மற்றொன்று கனடாவின் மெக்கில் பல்கலைக் கழகத்திலிருந்து. புதிதாக இடுப்பு வலி வந்த 98 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து, மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் ஆராய்ந்தனர். வலி தீர்ந்தவர்களின் இரத்தத்தில் தொடக்கத்தில் நியூட்ரோபில்கள் மிகச் சுறுசுறுப்பாக இருந்தன. வலி நீடித்தவர்களிடம் அச்சுறுசுறுப்பு காணப்படவில்லை. பின்னர்ச் சுண்டெலிகளுக்குத் தொடக்கத்திலேயே டெக்சாமெத்தசோன் அல்லது டைக்ளோபினாக் கொடுத்துப் பார்த்தனர். அப்போதைக்கு வலி குறைந்தது. ஆனால் வலி நீடித்த நாட்கள் கூடின. நியூட்ரோபில்களை ஊசி வழியே செலுத்தியபோது அவ்வாறு நீடிக்கவில்லை.

இதைக் கொண்டு வலி மாத்திரையே கூடாது என்று முடிவு கட்டுதல் தவறு. சுண்டெலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. மருத்துவர் காரணத்தோடு தரும் மருந்தை நாமாக நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் அழற்சியை முளையிலேயே முழுவதுமாக அடக்குவது எப்போதும் நன்மைதானா என்ற கேள்வி பிறந்திருக்கிறது. அறிவியலில் நல்ல கேள்வி பிறப்பதே பாதி வெற்றி.

பெண்களும் டி செல்களும்

வெள்ளணுக்களிடையே அமைதிக் காவலர்களும் உண்டு. அவை ஒழுங்குபடுத்தும் டி செல்கள் எனப்படும். மற்ற வெள்ளணுக்கள் நம் உடலையே தாக்காமல் தடுப்பது இவற்றின் வேலை. இவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி புருன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது.

அதே 2025 இல் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள உறைகளில் தங்கியிருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கெபாலினைச் சுரந்து வலியைத் தணிக்கின்றன. ஆனால் பெண் சுண்டெலிகளில் மட்டுமே! ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண்மை ஹார்மோன்கள் இருந்தால்தான் இது நடைபெறுகிறது. ஆணில் அச்செல்களை நீக்கினால் வலியில் மாற்றமில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்கள் பலர் உடல்வலி கூடியதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். 'வயதாகி விட்டது' என்று அதைத் தள்ளி விடுகிறோம். அதற்குப் பின்னால் ஆராயத்தக்க ஓர் உயிரியல் காரணம் இருக்கலாம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

காவலரே கலகம் செய்தால்

சில நோய்களில் தீயணைப்பு நடைபெறுவதே இல்லை. சிக்குன்குனியா அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழியில் 'வளைந்து குனிதல்' என்ற பொருள் தரும் பெயர் அது. இந்தியாவில் 1963 இல் கல்கத்தாவிலும் 1964 இல் சென்னையிலும் பரவிய அந்நோய், நெடுங்காலம் ஓய்ந்திருந்து 2005 இன் இறுதியில் மீண்டும் தலைகாட்டி, 2006 இல் தமிழகத்திலும் பரவியது. காய்ச்சல் சில நாட்களில் விட்டு விடும். மூட்டு வலியோ சிலருக்கு மாதக் கணக்கில், ஏன் ஆண்டுக் கணக்கில் கூட நீடிக்கும்.

மற்றொன்று முடக்குவாதம். இதில் நோய் எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உட்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குகின்றன. ஆண்களை விடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும் நோய் இது. என் அம்மாவுக்கு இந்நோய் உண்டு. காலையில் எழுந்ததும் இரு கை விரல் கணுக்களும் வீங்கி விறைத்திருக்கும். கொத்தைப் பிடிக்க முடியாது. பால் கறக்க முடியாது. வெயில் ஏறிய பின்பே விரல்கள் மடங்கும். மலைக்குளிர்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் கீழே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரத்தப் பரிசோதனைக்குப் பின் முடக்குவாதம் என்றார் மருத்துவர்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்துக் கொள்வது நல்லது. மூட்டுத் தேய்மானத்தில் வேலை செய்யச் செய்ய வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதத்திலோ ஓய்வுக்குப் பின், அதாவது காலையில், விறைப்பு அதிகம். அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒரு சேர வீங்கும். இவ்வடையாளங்களைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூட்டு உருக்குலைந்த பின் மீட்பது கடினம்.

சென்னை மாணவர் தந்த மருந்து

அம்மாவுக்கு எழுதித் தந்த மருந்து மெத்தோட்ரெக்சேட். அதன் வரலாற்றைத் தேடியபோது நம் மண்ணிலேயே வந்து நின்றேன். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் 1895 இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். வறுமையும் நோயும் நிறைந்த இளமை அவருடையது. அமெரிக்கா சென்று, பிஸ்கே என்பவருடன் சேர்ந்து பாஸ்பரஸை அளவிடும் முறையைக் கண்டார். உயிர்வேதியியல் படிப்போர் அறிந்த பிஸ்கே–சுப்பாராவ் முறை இதுவே. பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் வழிநடத்திய குழுவினர் போலிக் அமிலத்தையும், அதற்கு எதிரான பொருள்களையும் தயாரித்தனர். அவ்வெதிர்ப் பொருள்களுள் ஒன்றே மெத்தோட்ரெக்சேட். 1948 இல் சுப்பாராவ் காலமானார்.

முதலில் இரத்தப் புற்றுநோய்க்கு உதவிய இம்மருந்து, பிற்காலத்தில் சிறிய அளவில் முடக்குவாதத்துக்கும் உதவுவது கண்டறியப்பட்டது. 1988 இல் அமெரிக்க அரசு இதை முடக்குவாதத்துக்கு ஏற்றது. குறைந்த அளவில் கொடுக்கும்போது இது அடினோசின் என்னும் பொருளைப் பெருக்கி, கலகம் செய்யும் வெள்ளணுக்களை அமைதிப்படுத்துகிறது என்பர். வலியை நேரே அடக்குவதன்று இதன் வேலை. வலியின் மூலத்தைத் தணிப்பதே. அதனால் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இம்மருந்தில் மிக மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும். மற்ற மாத்திரைகளைப் போலத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. ஆகவே நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த மாத்திரைக்குத் தனிச் சிறு டப்பா வைத்தேன். நான் விடுதியில் இருக்கும் வாரங்களில் அம்மா வட்டத்தைப் பார்த்து எடுத்துக் கொள்வார். வேறொரு நாளில் போலிக் அமில மாத்திரை. இடையிடையே இரத்தமும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும். கருவுற்ற பெண்கள் இதை உட்கொள்ளலாகாது. படித்த பிள்ளை வீட்டுக்கு என்ன செய்தான் என்று கேட்பவர்களுக்கு, மருந்துச் சீட்டைப் பிழையின்றிப் படித்தான் என்பதும் ஒரு விடையே.

இன்று இதை விடக் கூர்மையான மருந்துகளும் உள்ளன. இலண்டனில் மார்க் பெல்ட்மன், ரவீந்தர் மைனி ஆகியோர் டி.என்.எப். ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்தை 1992 இல் முடக்குவாத நோயாளிகளுக்குத் தந்து வெற்றி கண்டனர். ஆனால் அவற்றின் விலை ஏழைகளுக்கு எளிதில் எட்டுவதில்லை.

எங்கள் மலைக்கிழங்கும் பெயரில்லா மாத்திரையும்

கொல்லிமலைக்கு வந்தவர்கள் சாலையோரத்திலும் அறப்பளீசுவரர் கோயில் பகுதியிலும் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பதைப் பார்த்திருப்பார்கள். பழுப்பு நிற ரோமம் போர்த்து, ஆட்டுக்கால் போலவே தோன்றும். கிழங்கு என்கிறோமே தவிர, தாவரவியல்படி அது மரங்களிலும் பாறைகளிலும் படரும் ஒரு பெரணியின் கிடைத்தண்டு. ரோமத்தைச் சீவி, நறுக்கி இடித்து, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் கொதிக்க வைத்து வடித்துக் குடிப்பார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்பது எங்கள் பாட்டிமார் வாக்கு.

இதன் சாறு எலிகளில் அழற்சியையும் வலியையும் குறைப்பதாக ஆய்வுகள் வெளிவந்துள்ளன. எலியில் கண்டது மனிதருக்கு மெய்ப்பிக்கப்பட்டதாகாது. ஆகவே சூடான சாற்றை அருந்துபவரை நான் தடுப்பதில்லை. அதை நம்பி முடக்குவாத மருந்தை நிறுத்துபவரைக் கண்டால் தடுக்கிறேன். மேலும், கிடைத்தண்டைப் பெயர்த்து எடுத்தால் செடியே போய் விடும் என்பதையும் விற்போரும் வாங்குவோரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கிழங்கை விட நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. எங்கள் ஊர்ப் பெரியப்பா ஒருவர் அடிவாரத்தில் ஒரு கடையில் பெயர் எழுதாத பொட்டலத்தில் 'மூட்டு வலி மாத்திரை' வாங்கி மாதக் கணக்கில் தின்று வந்தார். இரண்டே நாளில் வலி பறந்தது என்று ஊரெல்லாம் புகழ்ந்தார். ஆறு மாதத்தில் முகம் நிலவு போல் உப்பியது, சர்க்கரை கூடியது. மருத்துவர் அது ஸ்டீராய்டு என்றார். ஸ்டீராய்டு நல்ல மருந்தே. தக்க அளவில் தக்க நாட்களுக்கு மருத்துவர் தந்தால் உயிர் காக்கும். ஆனால் அது கலகக்காரரையும் காவலரையும் ஒருங்கே வாயடைக்கிறது. எலும்பைப் பலவீனப்படுத்துகிறது, நோய்த் தொற்றுக்கு வழி விடுகிறது. நெடுநாள் தின்றபின் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். பெரியப்பாவுக்கும் அவ்வாறே குறைத்தார்கள். பெயரில்லா மாத்திரையைப் பெற்றோர் வாங்குகிறார்களா என்று ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது பார்க்க வேண்டுகிறேன்.

முடிவுரை

வெள்ளணு வலியைத் தருகிறது. வெள்ளணுவே எண்டார்பினைச் சுரந்து வலியைத் தணிக்கிறது. வெள்ளணுவே சிதைந்ததைச் செப்பனிட்டு வலிக்கு முற்றுப்புள்ளி வைக்கிறது. அந்த ஒழுங்கு குலையும்போதுதான் வலி நாட்பட்டதாகிறது. எனவே வருங்கால மருத்துவத்தின் நோக்கம் இக்காவலர்களை ஒட்டுமொத்தமாக ஒழிப்பதாக இராது. தம் வேலையை முடித்துக் கொண்டு வீடு திரும்ப அவர்களுக்கு உதவுவதாக இருக்கும். மெச்னிகாப்பின் முள்ளிலிருந்து தொடங்கிய பயணம் இன்னும் முடியவில்லை.

நண்பர்களே! வலியைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்தாலும், அது தேவைப்படுவது களத்து மேட்டிலும் களையெடுக்கும் காட்டிலும்தான். காலையில் விரல் மடங்காத ஒரு தாய் உங்கள் தெருவிலும் இருக்கக் கூடும். 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லி விடாதீர்கள். எத்தனை நேரம் விறைப்பு இருக்கிறது என்று கேளுங்கள். எந்த மாத்திரை என்று எடுத்துப் படியுங்கள். அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். நாம் பெறும் பட்டத்துக்கு அதுவே முதற்பயன்.